அண்ணனின் துப்பாக்கியை உருக்கும் முன்

முல்தேரா,
2019 மே 6

அருமை மகள் லதீனாவுக்கு,

உன் சித்தப்பாவும், முல்தேரா துப்பாக்கி சுடும் சங்கத்தின் அசைக்க முடியாத தலைவரும், ஆல்ப்ஸ் மலைகளின் நெருங்கிய நண்பருமாகிய ஃப்ளூரின் எழுதிக்கொள்வது. இங்கே பசுக்கள் உட்பட யாவரும் நலம். உன் அம்மா வெரேனாவுக்கு முழங்கால் வலி தேவலை. வாய்க்கு எந்தக் குறையும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி வாக்கெடுப்பில் புதிய துப்பாக்கிச் சட்டத்துக்கு 'ஆம்' போடப்போவதாகவும், உன் பெயருக்கு வந்திருக்கும் அப்பாவின் ராணுவத் துப்பாக்கியைப் போலீஸில் கொடுத்து உருக்கிவிடப்போவதாகவும் எழுதியிருந்தாய். படித்துவிட்டு நான் விட்ட பெருமூச்சில் எதிர் மலைப் பனி ஒரு முழம் பின்வாங்கியது.

நேற்று விடுதிக் கூடத்தில் சட்டத்தை எதிர்த்து முழங்கினேன். "பட்டாளத்துத் துப்பாக்கிய வீட்டு அலமாரிலயே வச்சுக்கோ, உன்னை நம்புறேன்னு சொன்ன நாடுய்யா இது. பிரஸ்ஸல்ஸ்ல இருக்குற ஐரோப்பிய யூனியன்காரன் கண்ண உருட்டுனதும் நாமெல்லாம் சந்தேகக் கேஸா?" என்று கேட்டேன். நாற்பதாயிரம் பேர் கைதட்டினார்கள். "பதினாலு பேரு. அதுலயும் ரெண்டு பேரு குறட்டை" என்று உன் அம்மா சொல்வாள். நம்பாதே.

உன்னோடு மல்லுக்கு வரவில்லை, தாயே. சூரிச் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வேலை பார்த்து நீ கண்டதை நான் கண்டதில்லை. குண்டு பட்டவனைத் தூக்கி வரும் இடத்தில் என் முழக்கம் செல்லாது. ஆனாலும் நான் 'இல்லை'தான் போடுவேன். நம்பிக்கை ஒருமுறை கையை விட்டுப் போனால், எந்தச் சட்டம் போட்டு அதைத் திரும்ப வாங்குவது?

இந்தத் துப்பாக்கி இல்லாவிட்டால் நீயே இல்லை, தெரியுமா? அந்த வருஷம் மே மாதச் சுடும் விழாவில் மாடுகள் நீந்துமளவுக்கு மழை. கொசுவின் இடது மீசையைக் குறிவைத்துச் சுடக்கூடிய என் அண்ணன் தூரி இதே துப்பாக்கியோடு ஒரு தடத்தில் படுத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் தடத்தில் பெர்ன் நகரத்திலிருந்து வந்த புது டீச்சர். சுட்டு முடித்ததும் குறிப்பலகைகளுக்கு அடியில் குழிக்குள் இருப்பவர்கள், குண்டு பட்ட இடங்களைக் கம்பை நீட்டிக் காட்டுகிறார்கள்: டீச்சரின் பலகையில் ஒரு ஓட்டைகூட இல்லை. அண்ணனின் பலகையில் அவன் சுட்டதைவிட மூன்று ஓட்டை அதிகம்! ஊரே சிரித்தது. அண்ணன் எழுந்து, "இதுல மூணு என்னோடது இல்ல. அந்த அம்மாவோடது. என்னோடதவிட நல்லாவே விழுந்திருக்கு" என்றான். டீச்சர் முறைத்துக்கொண்டே, "அப்ப உங்க பதக்கத்துல பாதி எனக்கு" என்றாள். பதக்கத்தை வெட்ட முடியாது. அதனால் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மே மாதம்கூடத் தவறாமல் மூவரும் வரிசையாகப் படுத்துச் சுட்டோம். நான் குறி தவறினால் அண்ணன், "டேய், மலையவாவது அடிச்சியா?" என்பான். சுட்டு முடித்ததும் வறுத்த தொத்திறைச்சி, பிறகு வீடு வரைக்கும் பொய்.

சட்டம் ஜெயித்தாலும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உருக்கியதைத் திரும்பப் பெற முடியாது. அதனால் ஒரே ஒரு விண்ணப்பம். வாக்கெடுப்புக்கு அடுத்த வாரம் சுடும் விழா. ஊருக்கு வா. அண்ணனின் தடத்துக்கு யார் பெயரையும் நான் எழுதவில்லை. நீ சுட வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் படுத்தால் போதும். அம்மாவும் வருகிறாள், முழங்காலையும் தூக்கிக்கொண்டு.

மறுநாளும் உன் மனசு மாறவில்லை என்றால் என் காரிலேயே உன்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். துப்பாக்கியை நீ மடியில் வைத்துக்கொள். போன அக்டோபரில் அண்ணனைக் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது வந்தது போலவே, வழியெல்லாம் வாய் திறக்காமல் வருவேன்.

நீ நன்றாயிரு, மகளே. வேளைக்குச் சாப்பிடு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
சித்தப்பா ஃப்ளூரின்