டொரண்டோ, பதினேழு மணி நேரம்

அப்பா,

நான் பள்ளிக்கூடத்தை விட்ட வருடம் நீங்கள் வாங்கித் தந்த தையல் மெஷினின் பெல்ட் இன்று காலை அறுந்துவிட்டது. டெய்லரிங் சாமான் கடை எதிலாவது கிடைக்குமா என்று பார்க்கக் கைப்பேசியில் 'ட' என்று தட்டினேன். 'டொரண்டோ சென்னை தூரம்' என்று பழைய தேடல் முன்னால் வந்து நின்றது.

அண்ணன் கனடா போன பிறகு, மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்து டீ குடிக்கும்போதெல்லாம் கேட்பீர்கள். "டொரண்டோ எவ்ளோ தூரம்மா?" விடை உங்களுக்கும் தெரியும். நான் அதே பக்கத்தைத் திறந்து, பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பதினேழு மணி நேரம் என்று முணுமுணுப்பேன்.

"சத்தமா சொல்லும்மா. அங்க கீறவனுக்கே கேக்கணும்."

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் இருபது வருடம் பஸ் ஓட்டிய உங்களுக்கு அந்த மணிக்கணக்கில் நம்பிக்கை இல்லை. "டிரிப் ஷீட்ல ஒரு மணி நேரம்னு போட்டுருவான். கிண்டி சிக்னல யாரு போடறது?" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் இறந்த அன்று பத்து மணிக்குள் வாசலில் ஷாமியானா போட்டு, உங்களை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அண்ணன் அங்கே டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தான். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"பிளேன் எத்தினி மணி நேரம்?"

பதினேழு என்றேன். விரல்விட்டு எண்ணினார், ஃபாதரிடம் பேசினார். மறுநாள் மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. குழி வெட்டவும் ஆள் சொல்லிவிட்டார்கள்.

மதியம் அண்ணன் டிக்கெட்டைப் படமெடுத்து அனுப்பினான். நேராக வரும் விமானமே இல்லை. தோஹாவில் மட்டும் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். சென்னையில் இறங்குவது நாளை மறுநாள் காலை ஆறு மணி. நான் சொன்ன பதினேழு, வானத்தில் கோடு போட்டு அளந்தது. அண்ணன் வருவதற்குள் உங்களை மண் மூடியிருக்கும்.

வாசலில் நாற்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

"இன்னாடி, வழிய மறிச்சிகினு நிக்கிற?" என்றார் அத்தை.

வெளியே போனேன். "பெரியப்பா, நான் சொன்னது தப்பு. அண்ணன் நாளான்னிக்கு காலைலதான் வரும்." யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது ஷாமியானா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஃபாதராண்ட சொல்லி முடிச்சாச்சு, இப்ப வந்து சொல்றியே!" என்று பெரியப்பா கத்தினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு நடந்தார். அடக்கம் ஒரு நாள் தள்ளிப் போயிற்று.

அண்ணன் மூன்றாம் நாள் காலை ஏழரை மணிக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் உங்கள் தலைமாட்டில் நின்றான். பிறகு என்னிடம், "அப்பா கடைசியா எதுனா கேட்டாரா?" என்றான்.

"தூரம்தான் கேட்டாரு" என்றேன்.

அந்தத் தேடலை நான் அழிக்கவில்லை. எங்காவது போக எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரே தடவையில் கேட்கும்படி.