போயிட்டு வாங்கம்மா

கூலாய்,
செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஒரே தங்கை ஷர்மினி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். நீதான் எதுவும் சொல்வதில்லையே, நானாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போன மாதம் எழுதிய கடிதம் எனக்கே திரும்பி வந்துவிட்டது. உறையில் உன் கைதி எண்ணை எழுத மறந்துவிட்டேன். ஸ்டாம்பு எந்த மூலையில் ஒட்டுவது என்று யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டவளுக்கு இது தெரியவில்லை, சிரிக்காதே. சிறைக்குள் வாட்ஸ்அப் இருந்திருந்தால் என் கையெழுத்துக்கு நீ கண்ணைச் சுருக்க வேண்டியிருக்காது. உன் கையில் தருவதற்கு முன் இதை அங்கே ஓர் அதிகாரி படிப்பாராம். படிக்கும் ஐயாவுக்கும் என் வணக்கம்.

இப்போது பெரிய செய்தி. அம்மாவுக்கு யூனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது!!! கணக்கியல், முழுநேரம், வடக்குக் கோடியில் கெடாவில், ஹாஸ்டலோடு. நாற்பத்தைந்து வயதில்! நம் அம்மா ரசிகர் மன்றத்தின் தலைவி என்ற முறையில் நான் வீட்டுக்குள் ஓடி, சோபாவில் முழங்காலை இடித்துக்கொண்டேன். நீல நிறத்தில் வீங்கி இருக்கிறது. மன்றத்தின் செயலாளர் பதவி இன்னும் உனக்காகக் காலியாகத்தான் இருக்கிறது.

செனாயில் அம்மா வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியாது. வேறு ஃபேக்டரிகளில் இந்த வயதில் எடுக்கவில்லை. ஒரு மாதம் அம்மா வீட்டில் இருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்தார். பிறகு மறுபடியும் துவைத்தார். அப்போதுதான் நான் போனில் தேடினேன். பாதியில் விட்ட படிப்பையும், கணக்குப் பிரிவில் பார்த்த வேலையையும் காட்டி, வயதில் மூத்தவர்கள் திரும்பச் சேர ஒரு வழி இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லாமல் பாதியை நிரப்பிவிட்டு, பிறகு காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “என் பேர்ல ஒரு எழுத்து விட்டுட்ட பாரு” என்றார். அவ்வளவுதான்.

பெக்கான் நானாஸ் கமலாட்சி அத்தைக்குச் செய்தி போனதும் அன்றைக்கே இரண்டு அன்னாசிப் பழத்தோடு வந்து இறங்கினார். “பேரப்பிள்ளைய தூக்குற வயசுல புத்தகப் பைய தூக்கப் போறீங்களா அண்ணி? அலமாக்!” என்று வாசலிலேயே ஆரம்பித்தார். அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு, “பேரப்பிள்ள வந்தா அதையும் இடுப்புல வெச்சிட்டு போறேன், நீ உள்ள வந்து கத்து” என்றார். கடைசியில் அம்மா போனபிறகு என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டவரும் அத்தைதான்.

சேருவதற்கு முன் உடல் பரிசோதனை வேண்டும். கிளினிக்கில் நர்ஸ் பாரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், பிள்ளை எங்கே, பிள்ளையைக் கூப்பிடுங்கள் என்றாராம். அம்மா, நான்தான் அந்தப் பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். அந்த வெட்கத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடியும் பார்த்தார்கள்.

புது மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அம்மாவைச் சேர்த்துவிட்டேன். முதலில் எல்லாரும் அக்கா என்றார்கள். அம்மாவின் படத்தைப் பார்த்தபிறகு மக்சிக், ஆன்ட்டி என்று ஆகிவிட்டார். ஒரு பையன் மட்டும் விரிவுரையாளர் என்று நினைத்து, ஹாஸ்டலில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறான். அம்மா யோசித்துவிட்டு, “பாவம், வெச்சிக்கட்டும்னு போட்டுடவா?” என்று என்னைக் கேட்கிறார்.

வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு உன்னைப் பார்க்க வருகிறோம். இந்த முறையாவது வெளியே வா அண்ணா. அம்மா தன் வாயால் இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார். நான் முந்திக்கொண்டேன் என்று தெரிந்தால் தொலைந்தேன். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஷர்மினி


கூலாய்,
செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வெளியே வரவில்லை.

மேல்முறையீடு தோற்றதிலிருந்து இப்படித்தான். ஒவ்வொரு முறையும் அம்மா, நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பஞ்சாபி உடையைத்தான் போட்டுக்கொள்கிறார். அந்தப் பார்வையாளர் கூடத்தில் நம் எண்ணைக் கூப்பிடுவார்கள் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதிகாரி வந்து, அவன் வர மாட்டேன் என்கிறான் என்று சொல்கிறார். அம்மா எழுந்து அவருக்கு நன்றி சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதற்கு நன்றி?

வருகிற வழியில் கூலாயில் ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்க நிறுத்தினோம். தலையணை உறை, ஹேங்கர், ஒரு நீல வாளி. கல்லா வரைக்கும் வந்துவிட்டு அம்மா வாளியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். ஏன் என்றேன். “வீட்லயே நாலு வாளி கெடக்கு லா” என்றார். கெடாவுக்கு வீட்டு வாளியைக் கொண்டுபோகப் போகிறீர்களா என்று கேட்டேன். ஹேங்கரையும் வைத்துவிட்டார். அப்போதுதான் அம்மா போகப் போவதில்லை என்று எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். “நான் அவ்ளோ தூரம் போயிட்டா, என்னைக்காவது ஒருநாள் அவன் வெளிய வந்து பாக்குறப்ப கண்ணாடிக்கு இந்தப் பக்கம் யாரு இருப்பா?” நான் இருப்பேன் என்றேன். “நீ இருப்ப. அவன் அம்மாவத்தான தேடுவான்.” அவன் தேடவே இல்லையே என்று நான் கத்திவிட்டேன். அம்மா உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, “அவன் வாயால போயிட்டு வாங்கம்மான்னு சொல்லட்டும். மறுநாளே கெளம்புறேன்” என்றார்.

உனக்கு அம்மாவைத் தெரியும். கடைக்கு நெத்திலி வாங்கப் போனால்கூட “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும். வாய் தவறி “போறேன்” என்றால் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுபடியும் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார். வீட்டில் இருக்கிறவர்கள் “போயிட்டு வா” என்று சொல்லும் வரை வாசலைத் தாண்டக்கூடாது. அந்தச் சண்டை நடந்த அன்று நீ சொல்லாமல் போனாய். அம்மா வேலையில் இருந்தார். இதை அவர் உன்னிடம் சொல்லமாட்டார். என்னிடம் ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையனுக்கு ஒரு கண் போனது போனதுதான். அதற்கு உனக்குத் தண்டனை உண்டு. அம்மா ஒருநாளும் உன் பக்கம் நியாயம் பேசியதில்லை. ஆனால் அம்மாவுக்கு எதற்கு அண்ணா தண்டனை?

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. கோபப்பட்டாலும் பரவாயில்லை. அம்மா இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டுவிட்டு வந்தது நீ வயிற்றில் இருந்ததால்தான். அப்பா இருந்தவரை, பிள்ளை கொஞ்சம் வளரட்டும், திரும்பப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா போனபிறகு அதைச் சொல்ல ஆளில்லை. முதல் தடவை உனக்காக விட்டார். இப்போது இரண்டாவது தடவையும் உனக்காகவே விடப் போகிறார்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அங்கே போய்ப் பதிந்துகொள்ளாவிட்டால் இடம் போய்விடும். அதற்கு முந்தின ஞாயிறு மறுபடியும் வருகிறோம். அதுதான் கடைசி. நீ அழ வேண்டாம், சிரிக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். கண்ணாடிக்கு உன் பக்கம் மாட்டியிருக்கிற போனை எடுத்து “போயிட்டு வாங்கம்மா” என்று சொல். அதோடு எழுந்து உள்ளே போய்விடு. நான் வேறெதுவும் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

உன் தங்கை,
ஷர்மினி


பெக்கான் நானாஸ்,
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றையும் அங்கே படிக்கிற ஐயா அனுமதித்திருக்க மாட்டார்.

நீ வந்தாய். மொட்டைத் தலையோடு, முன்னைவிடப் பாதியாக. அம்மா எழுந்தே நின்றுவிட்டார். நீ உட்கார்ந்து, போனை எடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாய். நான் அம்மாவின் காதோடு காது வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன், எனக்கும் கேட்டது. “இனிமே வராதீங்கம்மா. எத்தன தடவ வந்தாலும் நான் வெளிய வர மாட்டேன்.” அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய்.

நான் கேட்டது இது இல்லை அண்ணா. நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வார்த்தை. அதில் ஒன்றுகூட உன் வாயில் வரவில்லை.

நீ கதவைத் தாண்டிப் போனபிறகும் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கி மாட்டினேன். வெளியே வரும்போது அன்றைக்கும் அதிகாரிக்கு நன்றி சொன்னார்.

நெடுஞ்சாலை முழுக்க அம்மா செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். கூலாய்க்குள் நுழைந்ததும் திடீரென்று, “ஷர்மி, நிறுத்து. வாளி வாங்கணும்” என்றார்.

அதே கடை, அதே நீல வாளி. ஹேங்கரும் வாங்கினார். காரில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பின் சீட்டில் வைக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். அழுதாரா என்று கேட்காதே. நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடுப்பு மடிக்கும்போது ஒரு முறை உன்னைப் பற்றிப் பேசினார். “முடி இல்லாம பாத்தா அப்படியே அவங்கப்பா காது” என்றார். பிறகு ஒரு பாஜு குரோங் உடுப்பை மூன்று முறை பிரித்துப் பிரித்து மடித்துவிட்டு, “வராதீங்கன்னு சொன்னாலும் கடைசியில அம்மான்னு சொன்னான், கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். அம்மா கெடாவுக்குப் போகட்டும் என்றுதான் நீ அப்படிச் சொன்னாய் என்று நினைக்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. என் போன கடிதத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உன்மேல் உள்ள வருத்தம் குறையும். ஆனால் உடனே பஸ் ஏறித் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

லார்கின் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட நானும் அத்தையும் போனோம். அத்தை வழி முழுக்க, குளிரும், கால் வலிக்கும், சாப்பாடு காரமே இருக்காது என்று பயமுறுத்திக்கொண்டே வந்தார். பஸ்ஸைப் பார்த்ததும் அவர்தான் முதலில் அழுதார். அம்மா அத்தையிடம் “போயிட்டு வரேன்” என்றார். “போயிட்டு வாங்க அண்ணி, பாஸ் பண்ணாம வந்தா கதவத் தொறக்க மாட்டேன்” என்றார் அத்தை. என்னிடமும் சொன்னார், நானும் சொன்னேன். அப்புறம் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவர் நகரவில்லை. இன்னும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நிற்பது போல நின்றார். ஒரு சீனப் பாட்டி பின்னாலிருந்து வாளியைத் தொட்டு, போ போ என்றபிறகுதான் ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்ட முடியாத பஸ். அதனால் ஏறினதும் எனக்குப் போன் செய்து, “அவனுக்கு எழுதுறப்ப, அம்மா போயிட்டு வரேன்னு சொன்னாங்கன்னு எழுது. மறக்காத” என்றார்.

எழுதிவிட்டேன்.

அங்கே அம்மாவுக்குச் சுலபமாக இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தும் பாதி புரியவில்லையாம். நான் அனுப்புகிற வீடியோக்களில் பாடம் சொல்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறார்களாம். மாடிப்படி ஏறினால் கால் வீங்குகிறது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார யாருக்கும் தோன்றுவதில்லை போலிருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை, தட்டின் படத்தை மட்டும் அனுப்புகிறார். அறைத்தோழிக்கு இருபது வயது. நல்ல பிள்ளை என்கிறார். அவள் ஒருநாள், மக்சிக், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாளாம். அம்மா, “மகள் போன் கடையில, மகன் சிங்கப்பூர்ல வேலை” என்று சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்து, “ஏன்டி அப்படி வந்துச்சு வாயில?” என்று என்னையே கேட்கிறார். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை அண்ணா.

அடுத்த மாதம் நான் வருவேன். அத்தையும் வருகிறேன் என்கிறார், உன்னைத் திட்டத்தான், வேறெதற்கும் இல்லையாம். நீ வெளியே வராவிட்டாலும் நாங்கள் உட்கார்ந்திருப்போம். அதிகாரிக்கு நன்றி மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

அம்மாவின் ஹாஸ்டல் முகவரியைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் கையெழுத்துதான், ஆனால் எண்களைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உனக்கு அங்கே தாளும் பேனாவும் தருவார்கள் என்று தெரியும், கேட்டுவிட்டேன். கண்ணாடி இல்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை, யாரும் காதோடு காது வைத்துக் கேட்கப் போவதில்லை.

அம்மா சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நீ இன்னும் பதில் சொல்லவில்லை. நம் வீட்டு வழக்கப்படி அவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். ரொம்ப நேரமாக நிற்கிறார் அண்ணா, கால் வீங்கும்.

நீ நன்றாகச் சாப்பிடு. முருகன் உன்கூடவே இருக்கட்டும்.

போயிட்டு வரேன்.

உன் தங்கை,
ஷர்மினி