கடிவாளம் மாட்டத் தெரியாத மாமா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவும் சௌக்கியம். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை உன் பெரிய மாமா வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலையை நீ இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துக்கொண்ட செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. இங்கே ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு உன்னையும் கேட்காமல் என்னையும் கேட்காமல் வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாராம். பொம்பளப் பிள்ளைய அவுத்து விட்டுட்டு வேடிக்கை பாக்குறியா, மொதல்ல அவளுக்கு ஒரு கடிவாளம் போடு என்று கத்தினார். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடமாகப் பட்டறையில் கடிவாளம் தைக்கிறவளிடம் வந்து இப்படிச் சொல்கிறார். தைத்து முடிக்க வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஒன்றை அவர் முன்னால் மேசையில் போட்டேன். போடு போடுன்னு சொல்றீங்களே அண்ணா, இதுல எது வாய்க்கு எது நெத்திக்குன்னு காட்டுங்க என்றேன். மனிதர் நெற்றிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு இதுதான் வாய்க்கு என்றார். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

நான் விடவில்லை, இன்னொன்றையும் அவருக்குச் சொன்னேன். மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழையாவிட்டால் எங்கள் மேஸ்திரி தூக்கி எறிந்துவிடுவார், பிரித்துத்தான் தைக்க வேண்டும். மூச்சு முட்டினா குதிரை ஓடாது என்பார். கடிவாளம் கடிவாளம் என்று பேசுகிற ஒருவர் வாயிலும் அந்த இரண்டு விரல் இடத்தைப் பற்றி நான் கேட்டதில்லை. நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டிக்குப் போகிறேன் என்று நீ நின்றபோது இதே வார்த்தையைச் சொல்லித் தடுத்தேன், மூன்று நாள் நீ என்னோடு பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. இனி அந்த வார்த்தை என் வாயில் வராது, உன் பக்கம் யாரையும் அதோடு வரவும் விடமாட்டேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, அது என் பாடு.

வேளைக்குச் சாப்பிடு, உயரத்தில் ஏறும்போது கவனம். எடுத்த வேலையில் நீ நன்றாக வர வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் வை, எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று யார் சொன்னாலும் என் கையெழுத்தைப் பார்க்காமல் கிளம்பாதே. அம்மா படுத்த படுக்கை, உடனே புறப்பட்டு வா என்று மாமாவே ஒரு தாளில் எழுதி, இதைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பு என்று கொடுத்துவிட்டுப் போனார். நல்ல தாள், வீணாக்க மனம் வரவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன்.

திடமாக இருக்கும்
உன் அம்மா