பட்டியலில் இல்லாத மூன்று சோதனைகள்

14.6.1988, செவ்வாய்

தோட்டத்துத் தேயிலைக் கொழுந்தின் நிறுவைக் கணக்கிடும் புரோகிராமைச் சரிபார்க்கும் சோதனைகளை யுனிக்ஸ் இயந்திரத்துக்கு மாற்ற, அவற்றின் பட்டியல் உள்ள பில்ட் கோப்பை மூன்று வாரமாகத் திருத்துகிறேன். நேற்று மூன்று சோதனைகள் தோற்றன. நிறுவையில் வரும் அரைக் கிலோவைப் புது இயந்திரம் விழுங்கிவிடுகிறது. கூட வேலை செய்யும் செல்வத்திடம் மட்டும் சொன்னேன். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே வளர்ந்தவன்.

இன்று எங்கள் ஒபிஸ் மெனேஜர் முன்னால் ஓட்டியபோது எல்லாமே தேறின. சந்தேகப்பட்டு பில்ட் கோப்பைத் திறந்தேன். அந்த மூன்றையும் செல்வம் பட்டியலிலிருந்து தூக்கியிருந்தான்.

"என்னடா செஞ்ச?"

"சோதனைய எடுத்தேன், பிழையும் போச்சு மச்சான். மெனேஜரு சிரிச்சிட்டாரு. நீ ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?"

"அடுத்த மாசம் நம்ம அம்மாமாரு பறிக்கிற கொழுந்தும் இதுலதான்டா நிறுவை ஏறும்."

"அரைக் கிலோதானே? கொழுந்து ஈரம்னு சொல்லி, நிறுக்கிற கணக்கப்பிள்ளை ரெண்டு கிலோ வெட்டுறாரு. அவருகிட்ட என்னிக்காவது கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது. வேறு எவன் செய்திருந்தாலும் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

நாளை அக்கரப்பத்தனைத் தோட்டத்தை நடத்தும் துரைமார் பார்க்க வருகிறார்கள். மூன்றையும் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டேன்; பிழை அப்படியேதான் இருக்கிறது. அவர்கள் முன்னால் இயந்திரத்தை ஓட்டப்போவது செல்வம். அவனிடம் சொல்லவில்லை.