பாதிச் சிரிப்பு

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி தேவலையா? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

போன வாரம் என்னோடு தங்கியிருக்கும் வெல்டருக்கு வேலையிடத்தில் திடீரென்று நாக்கு குழறியது. "குடிச்சிட்டு வந்திருக்கான், தூங்கினா சரியாயிடும்" என்றார் மேஸ்திரி. நான்தான் அவனைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே டாக்டரும் எங்கள் அழுக்குச் சட்டையைப் பார்த்தாரே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நர்ஸ்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, "எங்க, சிரிங்க பாப்போம்" என்றாள். பாதி வாய்தான் சிரித்தது. மூளையில் அடைப்பாம். அவள் பிடிவாதமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் பிழைத்தான். இப்போது அவளை எங்கேயோ மாற்றிவிட்டார்கள்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. குளிரில் வலது கை பொத்தானைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. முகம் பார்க்க நல்ல கண்ணாடி ஒன்றும் வை. இங்கே இருப்பது கோணல். அதில் எனக்கும் பாதி வாய்தான் சிரிக்கிறது. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் தம்பி