ஹாலிஸா, எல்லிஸா

மார்ச் 4

முதுகு வலி. மதியம் அம்மா கோழி சாலட்டோடும் நூல் வண்ண அட்டையோடும் வந்துவிட்டாள். பெயர் தைத்துக் கொடுக்கும் டாட்டிக்கு ஈஸ்டர் வந்தால் வேலை குவிந்துவிடுமாம். "பேரை முடிவு பண்ணு டீலியா. துண்டு, போர்வை எல்லாத்துலயும் தைக்கணும்ல." வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்த நாளிலிருந்து இதே பாட்டு.

அம்மாவின் மனதில் இருப்பது ஒரே பெயர். ஹாலிஸ், அப்பாவின் குடும்பப் பெயர். பெண்ணுக்குத் தாய் பிறந்த வீட்டின் பெயரையே வைப்பது எங்கள் ஊர் டோதன் பக்கம் புதிதில்லை. அம்மாவுக்கு மெரிட் என்ற பெயரும் அப்படி வந்ததுதான். அப்பா போன வருஷம் போய்விட்டார். ஆண் வாரிசு இல்லை. அக்கா, நான், எங்கள் இருவரோடு பெயர் முடிந்தது.

ஆனால் அது வின்னி அக்காவின் பெயர். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொல்லி வைத்துவிட்டாள் — எனக்குப் பொண்ணு பிறந்தா ஹாலிஸ், நீ வேற பாத்துக்கோ என்று. மூத்தவள், உரிமை அவளுக்குத்தான். பிள்ளைதான் வரவில்லை. மூன்று முறை வந்து, தங்காமல் போயிற்று.

மார்ச் 9

என் கணவன் ரஸ் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். "எங்கம்மா பொறந்த வீட்டுப் பேரு எல்லிஸ். கிட்டத்தட்ட அதே சத்தம்தானே, வெச்சிரு."

கிட்டத்தட்ட! அதுதானே தொல்லை.

"சண்டையே போடாம அக்காவும் தங்கச்சியும் எப்படித்தான் இப்படிச் சண்டை போடுறீங்க?" என்று வேறு கேட்கிறான். தலையணையை எறிந்தேன்.

மார்ச் 10

குளிக்கும்போது இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஹாலிஸ் என்றால் அப்பா வந்து நிற்கிறார். எல்லிஸ் என்றால் மாமியார்.

மார்ச் 23

தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் அம்மா அக்காவைப் பிடித்துக்கொண்டாள். தூரத்திலிருந்தே பார்த்தேன், போகவில்லை. என்ன பேசுகிறாள் என்று தெரியும். அதனால்தான் போகவில்லை.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "எடுத்துக்கடி. எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு. சும்மா கெடக்குற பேருதானே." சிரித்தபடிதான் சொன்னாள். நான் நன்றி என்றேன்.

நன்றியாம். ஏதோ பாத்திரம் இரவல் வாங்கினவள் மாதிரி.

மார்ச் 24

கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் உட்கார முடியவில்லை?

ஏப்ரல் 6

அக்காவின் வீட்டுக்காரர் டாம் ரஸ்ஸிடம் வாய் தவறி உளறிவிட்டார். அவர்கள் வியாழக்கிழமைகளில் பர்மிங்ஹாம் போவது பல் வைத்தியத்துக்கு இல்லையாம். மறுபடியும் குழந்தைக்காகப் பார்க்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியென்றால் அன்றைக்கு அவள் எனக்குக் கொடுத்தது பெயரை மட்டுமா? அதை வாங்கிக்கொண்டால், உனக்கு இனி இல்லை என்று நானும் சேர்ந்து சொன்னது போல ஆகாதா? ஆனால் அப்பாவின் பெயர். எனக்கும்தானே அவர் அப்பா. எனக்கும் ஆசை இருக்காதா?

ஏப்ரல் 13

அம்மா டாட்டியிடம் கொடுத்தேவிட்டாள். ஆறு துண்டு. இளஞ்சிவப்பு நூலில் ஹாலிஸ், ஹாலிஸ், ஹாலிஸ்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?" என்று கத்தினேன்.

"யாரைக் கேக்கணும்? அவளுக்கு இனிமே எங்கடி பொறக்கப் போவுது?"

சொல்லிட்டா. எல்லாரும் மனசுக்குள்ள வெச்சிருந்ததை, நானுந்தான் வெச்சிருந்ததை, அம்மா வாயைத் தொறந்து சொல்லிட்டா. நடு அறையில நின்னுக்கிட்டு அழுதேன். அம்மாவும் அழுதாள். பிறகு எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, துண்டுகளை வைத்துவிட்டுப் போனாள்.

மே 2

எல்லிஸ். ஹாலிஸ். எல்லிஸ். இன்றைக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

மே 22

பிறந்துவிட்டாள். தலை நிறைய முடி, என் அப்பாவின் அகலக் காது. நர்ஸ் பெயர் கேட்டாள். வாயைத் திறக்கும்வரை எனக்கே தெரியாது.

எல்லிஸ் என்றேன்.

ரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை.

மே 23

அக்கா வந்தாள். குழந்தையைப் பார்க்குமுன் தொட்டிலில் மாட்டியிருந்த பெயர் அட்டையைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

"ஏண்டி? நான்தான் குடுத்துட்டேனே."

"அது உன்னுதுக்கா. உன் பொண்ணு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்துவிட்டது. வெகுநேரம் எல்லிஸின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லிஸ், ஹாலிஸ்," என்றாள் மெதுவாக. "சாப்பிடக் கூப்பிட்டா ஒரே சத்தத்துக்கு ரெண்டும் ஓடி வரும். பெரிய ரோதனைடி."

"வரட்டுமே," என்றேன்.

அம்மா வீம்புக்கு அந்தத் துண்டுகளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து நாற்காலியில் அடுக்கியிருந்தாள். கிளம்பும்போது அக்கா அவற்றை ஒவ்வொன்றாக மடித்தாள். ஆறையும் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.