பழகின பஞ்சு

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய், சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒரு தும்மல்கூட வந்து நான் பார்த்ததில்லை. இங்கே எல்லாரும் எப்படி இருக்கிறோம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

உன் தங்கைக்கு இடது கண்ணை எடுத்துவிட்டார்கள், செவ்வாய்க்கிழமை காலையில். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோனதுதான் அவள் வியாதி என்று உனக்குத் தெரியும், வெள்ளை அணு இல்லாத அந்த உடம்பில் இப்போது பூஞ்சை புகுந்துவிட்டது. ரொட்டியில் பூக்குமே, கிட்டத்தட்ட அதே ஜாதிதானாம். நாமெல்லாம் தினமும் அதை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம், இவளுக்குள் எதிர்த்து நிற்க ஆள் இல்லை என்றார் ரத்த டாக்டர். முதலில் நுரையீரல், பிறகு மூக்குக்குப் பின்னால், பிறகு கண். மருந்து ஏறும்போது கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம் வருகிறது, நான் அவள் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று டாக்டர் குடைந்து குடைந்து கேட்டார். பூந்தொட்டி உண்டா, இல்லை. சுவர் இடித்தீர்களா, இல்லை. நான் மூன்று வேளையும் மருந்து போட்டுத் தரை துடைத்தேன், உன் அப்பா கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கிற மெஷினையே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். அத்தனையும் செய்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னதற்காகத் தன் கையாலேயே அவளுக்கு ஒரு மெத்தை தைத்தார். புதுப் பஞ்சு உறுத்தும், பழகின பஞ்சுதான் உடம்புக்கு இதம் என்று நாங்கள் இருபது வருடம் படுத்த மெத்தையைப் பிரித்து அடித்துப் புது உறை போட்டார். போன மழையில் கூரை ஒழுகி நனைந்த மெத்தை அது. இரண்டு மாதம் அதில்தான் முகத்தைப் புதைத்துத் தூங்கினாள். நான்தான் ஓரத்தைக் கத்தரித்துப் பார்த்தேன், உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. ஒரு பிடி கொண்டுபோய்க் காட்டினேன். இதுதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார், எனக்குப் புரிந்துவிட்டது.

மெத்தை விஷயம் காதில் விழுந்ததும், அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அவர் தாங்கமாட்டார் என்று உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அந்தப் பஞ்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ராசியான கைன்னு ஊரே சொல்லுதே, அந்தக் கையால பெத்த பொண்ணுக்கு என்ன தைச்சிருக்கீங்கன்னு பாருங்க என்றேன். அன்றிலிருந்து கடை திறக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கும் வருவதில்லை. சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை, நான் ஒருத்தியே எத்தனை நாள் சுமப்பது. அப்பா எங்கே என்று அவள் கேட்டால் ஆர்டர் நிறைய என்கிறேன்.

இனி உன் விஷயம். உன் எலும்பு மஜ்ஜை அவளுக்குப் பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்து நாலு மாதம் ஆகிறது. அப்போது அவள் நுரையீரல் சுத்தமாக இருந்தது, அண்ணனை உடனே வரச்சொல்லுங்கள் என்றார்கள். பதவி உயர்வுக்கு இன்டர்வியூ இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றாய். நீ வரும்வரை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள் என்று அவளை அனுப்பினார்கள், நாங்கள் வைத்திருந்த பத்திரத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பதவி கிடைத்ததில் சந்தோஷம். இப்போது லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பூஞ்சை உள்ளே இருக்கும்வரை மஜ்ஜை ஏற்ற முடியாதாம். அது போய்விடும் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

இருந்தாலும் வா. பூ கீ வாங்கி வராதே, வார்டுக்குள் விடமாட்டார்கள். குளித்து, துணி மாற்றி, மாஸ்க் போட்டுக்கொண்டு உள்ளே போ. நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் சொல்கிறேன். அண்ணன் வந்துட்டா எனக்கு சரியாயிடும் என்று அவள் நர்சிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதை நீ வந்து சொல்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள்